சுவரில் சாய்கிறவர்

பூகோள வாத்தியாரை இன்றைக்கு ஒரு கை பார்த்துவிடுவது என்ற முடிவோடுதான் தலைமையாசிரியை கூட்டத்துக்கே வந்தார்.

நல்ல நாற்காலிகள் சும்மா கிடக்க, அந்த மனிதர் வாராவாரம் சுவரில் சாய்ந்துகொண்டுதான் நிற்பார். சக ஆசிரியர்கள் 'சுவரொட்டி' என்று பட்டப்பெயரே வைத்துவிட்டார்கள். சாய்ந்தால்கூடப் பரவாயில்லை. சாய்வதற்கு அவர் தேடிப் பிடிக்கிற இடம்தான் தலைமையாசிரியைக்கு வயிற்றெரிச்சல்.

ஏதோ ஒரு பயிற்சி வகுப்புக்குப் போய்வந்ததிலிருந்து தலைமையாசிரியைக்கு ஸ்டிக்கி நோட் என்கிற ஒட்டுத்தாள் பைத்தியம். வெள்ளிக்கிழமைதோறும் ஒரு கேள்வி கொடுப்பார். ஆளுக்கொரு நிறம், ஆளுக்கு ஒரே தாள். யோசனையை எழுதிச் சுவரில் ஒட்ட வேண்டும். பிறகு எல்லோருமாகப் பேசி, பிடித்த யோசனைக்குப் பேனாவால் புள்ளி வைக்க வேண்டும். புதுப் பெயின்ட் என்பதால் டேப் கூடாது. கீழே விழுந்தால் விழுந்ததுதான், நேரே குப்பைக்கூடை.

"சொந்த யோசனையை ஒழுங்கா அழுத்தி ஒட்டவே மனசில்லைன்னா, நாம ஏன் அதுக்கு ஓட்டுப் போடணும்?" என்பது அவர் வாதம்.

பச்சை நிறம், புதிதாக வந்திருக்கிற அறிவியல் டீச்சருக்கு. முதல் வேலை. வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பதுபோல இருப்பாள். அவளை நிரந்தரமாக வைத்துக்கொள்ளலாமா என்று இந்த மாதக் கடைசிக்குள் தலைமையாசிரியை நிர்வாகத்துக்குச் சொல்லியாக வேண்டும். எதை வைத்துச் சொல்வது? அவளிடமிருந்து வருவது அந்தப் பச்சைத் தாள் ஒன்றுதான். பூகோள வாத்தியாரின் தோள் எப்போதும் அதன்மேல்தான் இருக்கும், பாதி எழுத்து அவர் சட்டைக்குப் பின்னால். இந்த வயதில் சின்னப் பெண்ணிடம் என்ன பொறாமையோ.

இன்றைய கேள்வி, வகுப்பில் வாயே திறக்காத பிள்ளைகளை எப்படிப் பேசவைப்பது என்பது. எல்லோரும் எழுதி ஒட்டினார்கள். அறிவியல் டீச்சர் கடைசியாகப் போய் ஒட்டிவிட்டு, தலையைக் குனிந்தபடி வந்து உட்கார்ந்தாள்.

பூகோள வாத்தியார் ஒரு கொட்டாவியோடு எழுந்தார். நடந்தார். சரியாக அந்தப் பச்சைத் தாளின் விளிம்பில் தோளைக் கொடுத்துச் சாய்ந்தார்.

"சார், வந்து உக்காருங்க."

"இருக்கட்டும் மேடம். நாற்காலியில உக்காந்தா முதுகு பிடிச்சுக்குது."

"காலையில பூரா உக்காந்துதானே அரட்டை அடிச்சீங்க, அப்பப் பிடிக்கலையா?"

யாரோ சிரித்தார்கள். ஓட்டு முடிந்ததும் வந்துவிடுகிறேன் என்று அவர் கெஞ்சாத குறையாகச் சொல்லிப் பார்த்தார்.

"அடுத்தவங்க யோசனையை மறைச்சதெல்லாம் போதும் சார். நகருங்க."

அவர் அறிவியல் டீச்சரை ஒருதரம் பார்த்தார். பிறகு மனசே இல்லாமல் நகர்ந்தார்.

பச்சைத் தாள் மெல்ல உரிந்து அவர் காலடியில் விழுந்தது.

தலைமையாசிரியை குனிந்து எடுத்தார். பின்பக்கம் பசை இருந்த இடம் ஈரமாக இருந்தது. நிமிர்ந்து பார்த்தால், அறிவியல் டீச்சர் உள்ளங்கையைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டே இருக்கிறாள்.

பூகோள வாத்தியார் பக்கத்தில் வந்து, அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"மொத வாரமே இந்தப் பச்சைத் தாள் இப்படித்தான் விழுந்துச்சு மேடம். நீங்க நிறத்தைக்கூடப் பாக்காம எடுத்துக் கூடையில போட்டீங்க. கூட்டம் முடியறவரைக்கும் அந்தப் பொண்ணு கூடையையே பாத்துட்டு இருந்துச்சு. பயத்துல கை வேர்க்குது. அதைச் சொன்னா இன்னும் வேர்க்கும். அதான்…"

தலைமையாசிரியை கையிலிருந்த தாளைப் பார்த்தார். கூடையைப் பார்த்தார். பிறகு தாளைத் துடைத்து, இருந்த இடத்திலேயே ஒட்டி, அதன் ஓரத்தில் தன் தோளைக் கொடுத்துச் சாய்ந்துகொண்டார்.

"ம், ஓட்டுப் போடுங்க," என்றார். "நாற்காலியில உக்காந்தா எனக்கும் முதுகு பிடிச்சுக்குது."