சமமான தேய்மானம்

என் பழைய ஸ்போர்ட்ஸ் காரின் முன் பிரேக்குகளுக்கு, இன்னும் வலுவாகப் பிடிக்கும் புதிய காலிப்பர்களையும், அவை சக்கரத் தட்டில் அழுத்தும் புதிய பேடுகளையும் நானே மாட்டினேன்.

"நீ மாட்டின பிரேக்கை நம்பி ஏறணும்னா முதல்ல உயில் எழுதணும்," என்றான் மெக்கானிக்கான என் அண்ணன். அவன் பார்த்துச் சரி என்றால்தான் நான் வண்டியை ஓட்டலாம் என்று பேச்சு. அவன் பார்ப்பதற்காக முன்சக்கரங்களைக் கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்து, அப்படியே ஷெட்டைப் பூட்டினேன்.

காலையில் டார்ச்சோடு குனிந்தவன், "என்னடி, பழைய பேடையே மாட்டி வச்சிருக்க?" என்றான்.

"புதுசுண்ணா. நேத்து உன் கண் முன்னாடிதானே டப்பாவைப் பிரிச்சேன்."

பேடுகள், நீண்ட மலைப்பாதையில் இறங்கி வந்தவைபோல, பாதிக்கு மேல் தேய்ந்திருந்தன. சக்கரங்கள் சுவரிலேயே சாய்ந்திருந்தன. எனக்குப் பயம் வந்திருக்க வேண்டும். நானோ டார்ச்சை வாங்கி, இடமும் வலமும் மாறி மாறிப் பார்த்தேன். மாட்டியதில் கோணல் இருந்தால் ஒரு பக்கம் அதிகம் தேய்ந்திருக்கும்.

"ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி தேஞ்சிருக்குண்ணா. அரை நூல்கூட வித்தியாசம் இல்ல." என் குரலில் இருந்த பெருமையை என்னால் மறைக்க முடியவில்லை.

அண்ணன் மெதுவாக நிமிர்ந்து, கையைத் துடைத்துக்கொண்டான்.

"நீ ஓட்டுடி," என்றான். "யாரோ ஏற்கெனவே உன்னை நம்பி மலை இறங்கியிருக்காங்க."