இருமுகிற பேய்

"பேய்க்கு யாராவது இருமல் மருந்து வாங்கிக் குடுங்கப்பா" என்று எழுதி ஒரே ஒரு ஸ்டார் போட்டிருந்தான் ஒருவன். நான்கு பாகங்கள் ஓடிய பேய்ப்படத்தை செல்போன் விளையாட்டாக்கியிருந்தார்கள். பூட்டிய கதவுக்கு வெளியே நின்று பேய் இருமும். பிறகு "கதவைத் திற" என்னும். பயமே வரவில்லை என்று நூற்றுக்கணக்கானோர் திட்டியிருந்ததை எஸ்தர் ஒன்றுவிடாமல் வாசித்தாள். அத்தனை பாகத்திலும் பேய்க்குக் குரல் கொடுத்தவர் அவள் கணவர் தேவசகாயம். விளையாட்டுக்கு டப்பிங் பேசியபோது நோய் முற்றியிருந்தது. அவர் போய் ஏழு மாதமாகிறது. கம்பெனிக்காரர்கள் எல்லாருக்கும் ஒரே பதிலைப் போட்டிருந்தார்கள்: "மன்னிக்கவும். புதிய அப்டேட்டில் குரலை மாற்றிவிட்டோம்."

"போனைக் குடும்மா, எல்லாத்தையும் அப்டேட் பண்ணித் தர்றேன்" என்றாள் மகள்.

"நீ ஒண்ணும் பண்ண வேண்டாம்." எஸ்தர் போனை மடியில் மறைத்துக்கொண்டாள்.

மகள் குளிக்கப் போனதும் விளையாட்டைத் திறந்தாள். என்ன ஆனாலும் கதவை மட்டும் திறக்கக் கூடாது, திறந்தால் பேய் உள்ளே வந்துவிடும், ஆட்டம் முடிந்துவிடும். வெளியே இருமல் கேட்டது.

"கதவைத் திற."

"இன்னைக்கும் சாவிய மறந்துட்டீங்களா?" என்றபடி எஸ்தர் திறந்தாள்.