இழுக்காத வண்டி

"மூணு லட்சம் கிலோமீட்டர் ஓடின எஞ்சின், குசாகா. மேட்டுல இழுக்கவே மாட்டேங்குது. கம்ப்யூட்டர்ல பவரை ஏத்திடலாமா?" என்றார் நகுமோ. மலைப்பாதைப் பந்தயங்களில் பெயர் வாங்கியவர்.

"ஏத்தினா வெடிச்சாலும் வெடிச்சிடும் சார். ஓட்டிப் பாத்துட்டு சொல்றேன்."

மெக்கானிக் குசாகா வண்டியை எடுத்துக்கொண்டு ஹருனா மலை வரை போய்வந்தான். குழப்பத்தோடு இறங்கியவனை நகுமோவின் மனைவி ஷிஹோ வாசலிலேயே மறித்தாள்.

"வண்டி நல்லாத்தானே இருக்கு?"

"பறக்குதும்மா!"

"ஆக்ஸிலேட்டரை அழுத்த அவர் கால்லதான் பலம் இல்ல. நரம்பு செத்துக்கிட்டே வருதாம், இனி தேறாதாம். டாக்டர் எங்கிட்டதான் சொன்னார். அவருக்குத் தெரியாது. எஞ்சின் போச்சுன்னு சொல்லிடுப்பா. அப்பவாவது ஓட்டுறதை விடட்டும்."

குசாகா உள்ளே போய்த் தலைகுனிந்து சொன்னான். "வண்டிக்கு வயசாயிடுச்சு சார். ஒண்ணும் பண்ண முடியாது."

நகுமோ வெளியே வந்து பானட்டைத் தடவிக்கொடுத்தார்.

"பாவம், ஓஞ்சு போச்சு. நான் தெம்பாத்தானே இருக்கேன், புதுசா ஒண்ணு வாங்கிடுவோம்!"