வெட்டாமல் விட்ட சுரம்

கீபோர்டில் ஒரு கட்டையை மட்டும் அவன் விரல் தொட்டவுடன் விட்டது.

ஒன்பது வருடப் பழக்கம்.

முப்பதாம் நாள் பூசை முடிந்து பங்கு மண்டபத்தில் எல்லோரும் பிரியாணிக்குக் காத்திருந்தார்கள். மேடையில், இறந்துபோன சூசைமாணிக்கத்தின் படம். படத்துக்குக் கீழே, அவர் மடியில் கிடத்தி வாசித்த ஹவாயன் கிட்டார். இரண்டு கம்பிகள் இல்லை.

கிட்டார் சும்மா கிடந்தது. அதன் குரல் இவனுடைய கீபோர்டிலிருந்து வந்துகொண்டிருந்தது.

ஒன்பது வருடத்துக்கு முன் ஒரு நாள் அவரை வீட்டுக்கு வரவழைத்து, ஒவ்வொரு சுரமாக வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்தான்.

எதுக்குத் தம்பி என்று கேட்டார்.

சும்மா, ஒரு ஞாபகத்துக்கு என்றான்.

அடுத்த மாதம் அவர்கள் இசைக்குழுவின் வேனில் அவருக்கு இடம் இல்லை. கட்டையை அழுத்தினால் வருகிற ஓசைக்குத் தனியாக ஓர் ஆள் எதற்கு? அதை முதலில் சொன்னவன் இவன்தான்.

ஒவ்வொரு சுரத்தின் முடிவிலும் அவர் ஏதாவது பேசியிருந்தார். எல்லாவற்றையும் வெட்டி எறிந்தான். ஒன்றில் மட்டும் வெட்ட மறந்துவிட்டான். பிறகு சோம்பல். மூன்று விநாடிக்குள் விரலை எடுத்தால் பேச்சு வராது, தீர்ந்தது. எத்தனையோ கல்யாண மேடைகளில் எடுத்தான்.

பாட்டு முடிந்தது.

அவர் மனைவி பிலோமினா மேடையருகே வந்தாள்.

"அன்னைக்கு ஞாபகத்துக்குன்னு எடுத்தீங்களே தம்பி, அதானே இது? சாகுற வரைக்கும் சொல்லிக்கிட்டிருந்தாரு. என்னையும் ஒருத்தன் எடுத்து வச்சிருக்கான்னு."

டிரம்ஸ்காரன் தலையைக் குனிந்துகொண்டான்.

"அவரு பேச்சு ஒண்ணும் இதுல இல்லையா?"

இல்லை என்று சொல்லிவிடலாம். நாக்கு தயாராகத்தான் இருந்தது.

அந்தக் கட்டையை அழுத்தினான்.

ஒன்று. இரண்டு.

விரல் தானாக எழுந்துகொண்டது.

இடது கையால் அந்த விரலைப் பிடித்து மறுபடியும் அழுத்தினான். சுரம் இழுபட்டு, தேய்ந்து, அடங்கியது. ஒலிபெருக்கியில் நாற்காலி கிறீச்சிடும் சத்தம்.

"சரியா வந்துச்சா தம்பி? இல்லேன்னா இன்னொருக்கா வாசிக்கிறேன். உனக்கு உபயோகப்படணும்ல."



பிலோமினா கண்களை மூடியிருந்தாள்.

"இன்னொருக்கா போடுங்க தம்பி."