ஆச்சி சொல்லாத பேர்

மேலகரத்து ஆஸ்பத்திரிப் பதிவு மேசையில் வேல்விழிக்கு அன்று சோதனை நாள். வேலை நிலைக்குமா என்பது சாயங்காலம் தெரிந்துவிடும். வரிசையோ நகரவில்லை.

"வீட்டுக்காரர் பேரு சொல்லுங்க ஆச்சி."

"அவிய பேரை நான் எப்பிடிட்டி சொல்லுவேன்? போய்ச் சேந்து ஆறு வருசமாச்சு, இன்னும் நாக்கு வரல. குத்தாலத்துக் கூட்டத்துல 'ஏங்க'ன்னு கூப்பிடுவேன், பத்து ஆம்பளைங்க திரும்பிப் பாப்பாங்க!" ஆச்சி வெட்கத்தோடு சிரித்தாள்.

போன மாதம் சேர்ந்த மேனேஜர் விஜயசங்கர் கடுகடுத்தார். "தமிழ் இலக்கியம், எம்.பி.ஏ. ரெண்டும் படிச்சு என்ன புண்ணியம்? வரிசை வாசலைத் தாண்டிட்டுது. உன் வேலையைப் பத்திச் சாயங்காலம் முடிவு சொல்றேன்."

"அகப்பாட்டுலயும் தலைவன் பேரைச் சொல்ல மாட்டாங்க சார்" என்ற வேல்விழி, ஆச்சி பக்கம் குனிந்தாள். "சொல்ல வேண்டாம் ஆச்சி. எங்கயாச்சும் எழுதியிருந்தா காட்டுங்க, பாத்து எழுதிக்கிடுதேன்."

ஆச்சி கண் கலங்க, வேல்விழியின் தலைக்கு மேலே கை காட்டினாள். மாலை போட்ட படத்தின் கீழே எழுதியிருந்தது: 'நிறுவனர் டாக்டர் பால்வண்ணநாதன்.'

விஜயசங்கர் பதறிப்போய் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"வேண்டாம்யா. நம்ம வீட்டு ஆளும் வரிசையிலதான் வரணும்னு அவிய சொல்லியிருக்காவ" என்றாள் ஆச்சி. "இந்தப் பிள்ளையை எதுக்குச் சாயங்காலம் வரைக்கும் காக்க வைக்கீரு?"