எட்டாவது தம்பி

“இன்னொரு இட்லி வச்சுக்கங்கண்ணே! நீங்க என்ன, கோழி கொத்துற மாதிரி சாப்பிடுறீங்க?”

வடிவேல் தன் கையாலேயே அண்ணன் தட்டில் இட்லியை வைத்தான். “எனக்குப் போதும் தம்பி, நீங்க சாப்பிடுங்க. உடம்பைப் பார்த்துக்க வேணாமா?” என்று குழைந்தார் கலியமூர்த்தி.

எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த வரி இன்ஸ்பெக்டர் தேவதாஸ், பேனா மூடியைத் திறக்காமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

அந்தத் தட்டை அப்படியே அண்ணன் தலையில் கவிழ்த்தால் என்ன என்றிருந்தது வடிவேலுக்கு. போன வருஷம் புயல் அடித்த அன்றைக்குக்கூட, ‘உயிரோட இருக்கியா’ என்று ஒருத்தரை ஒருத்தர் கேட்டுக்கொள்ளாதவர்கள் அவர்கள். முத்தியால்பேட்டையில் அப்பா முருகையன் விட்டுப்போன பழைய ஓட்டு வீடு. முன்கட்டில் அண்ணன், பின்கட்டில் தம்பி. ரெண்டு வாசல், ரெண்டு அடுப்பு, ரெண்டு கரண்ட் மீட்டர். அப்பா காரியம் முடிந்ததிலிருந்து மூன்று வருஷமாகப் பேச்சுவார்த்தையே கிடையாது.

வினை அதில்தான் வந்தது. வீட்டுச் சொந்தக்காரர் குடும்பமே குடியிருந்தால் வீட்டு வரியில் பாதி தள்ளுபடி என்று அறிவித்தார்கள். வரி ரசீது அண்ணன் பேரில் இருந்ததால் அவர் பேரிலேயே மனுவும் போனது. வந்து பார்த்த ஆபீஸ்காரர்கள் ரெண்டு அடுப்பைக் கண்டதும், ‘பின்கட்டு வாடகைக்கு விடப்பட்டுள்ளது’ என்று எழுதி, தள்ளுபடியும் கொடுக்காமல் இருந்த வரியையும் ஏற்றிவிட்டார்கள்.

“அவனாலதானே ஏறுச்சு, அவனையே கட்டச் சொல்லு. முடியலன்னா பின்கட்டைக் காலி பண்ணச் சொல்லு!” என்று பெண்டாட்டியிடம் சொல்லியனுப்பினார் கலியமூர்த்தி.

வேலை பார்த்த மில் மூடிய பிறகு லாஸ்பேட்டையில் ஒரு கல்லூரி வாசலில் வாட்ச்மேனாக நிற்கிறவன் வடிவேல். வரியைக் கட்டவும் வழியில்லை. வெளியே போய் வாடகைக்கு வீடு பிடிக்கவும் வழியில்லை. ரேஷன் கார்டு, பிறப்புச் சான்றிதழ், அப்பாவின் மில் அடையாள அட்டை என்று எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு ஆறு மாதமாக அலைந்ததில் செருப்பு தேய்ந்ததுதான் மிச்சம். கடைசியில், “இன்ஸ்பெக்டரே நேர்ல வந்து பார்ப்பாரு” என்றார்கள்.

இட்லி நாடகம் வடிவேலின் மனைவி நிர்மலா போட்ட திட்டம். “இன்னிக்கு ஒரு நாளாவது பல்லைக் கடிச்சிக்கிட்டு அண்ணன் தம்பியா இருந்து தொலைங்க!” என்று ரெண்டு கட்டுக்கும் நடந்து நடந்து கெஞ்சியிருந்தாள்.

“ரெண்டு கார்டுலயும் அப்பா பேரு முருகையன்தான் சார், பார்த்தீங்களா?” என்றான் வடிவேல்.

“முருகையன் தெருவுக்கு நாலு பேரு இருக்காங்க. தள்ளுபடின்னு நாங்க சொன்னதுதான் சொன்னோம், புதுச்சேரியில இருக்கிற குடித்தனக்காரன் பூரா தம்பியாயிட்டான். இந்த வாரத்துல மட்டும் ஏழு தம்பி பார்த்தாச்சு. நீங்க எட்டு.”

“சத்தியமா கூடப் பொறந்தவன் சார்!”

“அவங்களும் சத்தியம்தான் பண்ணாங்க. இப்படித்தான் வாங்க போங்கன்னு மாத்தி மாத்தி உபசாரமும் பண்ணாங்க.”

“எங்க தம்பி தங்கம் சார்” என்றார் கலியமூர்த்தி, பல் தெரிய.

தேவதாஸ் பேனாவைத் திறந்தார். ‘வாடகை’ என்று எழுதி அடியில் ஒரு கோடு கிழித்தார். ஃபைலை இடுக்கிக்கொண்டு வாசலில் நின்ற ஸ்கூட்டருக்கு நடந்தார்.

அவ்வளவுதான், வடிவேலுக்குள் ஆறு மாதமாகப் புழுங்கியது வெடித்தது.

“எல்லாம் உன்னாலதான்யா! தங்கமாம் தங்கம்! என்ன நடிப்பு, சினிமாவா எடுக்கிறாங்க?”

“எவன்டா மொதல்ல இட்லி வச்சது? உன் மூஞ்சியப் பார்த்தா எவன்டா நம்புவான்?”

“அப்பா சைக்கிளை எடைக்குப் போட்ட மூஞ்சிக்கு என் மூஞ்சி பரவாயில்ல!”

“டேய்! அதே சைக்கிள்ல ஒன்னை டபுள்ஸ் வச்சி இஸ்கூலுக்கு மிதிச்சவன்டா நானு! கோரிமேட்டு ஆஸ்பத்திரியில அப்பா கெடந்தப்ப மூத்திரம் அள்ளிக் கொட்டினது யாருடா? நீ எத்தனை நாள் வந்த?”

“வர விட்டியா நீ?” வடிவேல் எட்டி அண்ணன் சட்டையைப் பிடித்தான். “சாகறப்ப அவரு என்னைக் கேட்டாரா இல்லியா? எங்கடா சின்னவன்னு கேட்டாருன்னு அந்த நர்ஸம்மா சொல்லித்தானே எனக்குத் தெரியும்! ஒரு வார்த்தை சொல்லியனுப்பினியா?”

“நீ டூட்டில இருந்தடா... விடிஞ்சதும் சொல்லிக்கலாம்னு இருந்துட்டேன். விடியறதுக்குள்ள போய்ட்டாருடா!” கலியமூர்த்தியும் தம்பி சட்டையை எட்டிப் பிடித்தார். பொத்தான் ஒன்று தெறித்து விழுந்தது.

நடுவில் பாய்ந்த நிர்மலா, வாசல் பக்கம் பார்த்து அப்படியே நின்றாள். ஸ்கூட்டரைக் கிளப்பாமல் தேவதாஸ் படியில் நின்றுகொண்டிருந்தார்.

“நீங்க போங்க சார். இது எங்க குடும்ப விஷயம்” என்றாள், மானம் போன குரலில்.

அவர் போகவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, அதே நாற்காலியில் உட்கார்ந்தார். ஃபைலைப் பிரித்து, எழுதியிருந்ததை நிதானமாக அடித்தார்.

“அண்ணன் தம்பி ரெண்டு பேரும் வந்து கையெழுத்துப் போடுங்க.”