அன்றும் இதே நாள்

நாளிதழ் அலுவலகத்துக்கு வந்ததும் அவர் செய்யும் முதல் காரியம், பழைய பேப்பர்க் கட்டு ஒன்றை நகர்த்தித் தம் அறைக் கதவு சாத்திக்கொள்ளாதபடி முட்டுக்கொடுப்பதுதான். பிறகு வாசலைப் பார்த்தபடி நாற்காலியைப் போட்டுக்கொண்டு அமர்வார். சாரல் மேசைவரை அடித்தாலும் இருபத்திரண்டு ஆண்டுகளில் அந்த வழக்கம் ஒரு நாளும் தவறியதில்லை.

'அன்றும் இதே நாள்' என்ற பத்தி அவருடையது. ஆண்டின் ஒவ்வொரு தேதிக்கும் ஓர் உறையாக, அவருடைய அலமாரியில் முந்நூற்று அறுபத்தாறு உறைகள் இருந்தன. ஆகவே அவர் எல்லாருக்கும் 'காலண்டர்'. சொந்தப் பெயரை வருகைப் பதிவேடு மட்டுமே நினைவில் வைத்திருந்தது.

அன்று பிற்பகல் மறுநாளுக்குரிய உறையை எடுத்து வைத்தபோது, அது மேசைமேல் பொத்தென்று விழுந்தது.

“என்னண்ணே, நாளைக்கு மட்டும் இவ்வளவு கனம்?” என்றார் எதிர் மேசையில் மெய்ப்புத் திருத்தும் பெண்மணி.

“பதினோரு பேர் உள்ள இருக்காங்கல்ல.”

அந்தப் பெண்மணியின் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. ஒரு வானியல் அறிஞர் பிறந்ததும், ஒரு கலங்கரை விளக்கம் முதன்முதலில் ஏற்றப்பட்டதும் அந்தத் தேதியில்தான். முப்பத்துநான்கு ஆண்டுகளுக்கு முன் சினிமாக் கொட்டகை ஒன்று தீப்பற்றி, பக்கவாசல் பூட்டியிருந்ததால் பதினொருவர் உள்ளேயே மாண்டதும் அதே தேதியில்தான்.

காலண்டர் ஏழு தபால் அட்டைகளை உறையின்மேல் அடுக்கினார். ஒரு வாரமாக நாளுக்கொன்றாக வந்தவை. எல்லாவற்றிலும் ஒரே கையெழுத்து, ஒரே வரி: 'இந்த வருஷம் அந்த வரி வரக் கூடாது.' அன்று காலை வந்ததில் மட்டும் கூடுதலாக இரண்டு சொற்கள் இருந்தன: 'நேரில் வருகிறேன்.'

“கதவைச் சாத்திட்டு உக்காருங்கண்ணே. வர்றது யாரு எவருன்னு தெரியாது. கையில என்னத்தோட வருதோ!”

“கதவு திறந்தே இருக்கட்டும்மா.”

“உங்களுக்கு நெஞ்சழுத்தம் ஜாஸ்தி.”

பக்கம் ஐந்து மணிக்கு அச்சுக்குப் போக வேண்டும். அதற்குப் பத்து நிமிடம் இருந்தபோது படிக்கட்டில் காலடி கேட்டது. செவிலியின் வெள்ளைச் சீருடையில் ஒரு பெண் வந்து வாசலை அடைத்தாற்போல் நின்றாள். அவளுடைய ஒரு கை தோள்பைக்குள் இருந்தது.

“காலண்டர்ங்கறது யாரு?”

“நான்தான்.”

மெய்ப்புத் திருத்துபவர் மேசைமேலிருந்த கத்தரிக்கோலை மெல்லத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார். ஆனால் பையிலிருந்து வெளிவந்தது ஒரு பள்ளிக்கூட நோட்டுதான்.

“நாளைக்கு அசெம்பிளியில உங்க பத்தியை மைக்ல வாசிக்கறது என் பொண்ணோட முறை சார். காவலாளி பக்கவாசலைப் பூட்டினதாலன்னு எங்கப்பா பேரைப் போட்டு வருஷா வருஷம் எழுதறீங்களே, அதை அவ தன் வாயால வாசிக்கணும். ஒரு வாரமா பிள்ளை வாயில ஒரு பிடி சோறு இறங்கலை.”

“கார்டு போட்டது நீங்கதானா?”

“பேரைப் போட்டிருந்தா படிச்சிருப்பீங்களா? கொலைகாரன் மகள்னு கிழிச்சுப் போட்டிருப்பீங்க.”

“பழைய பேப்பர்ல இருக்கறதைத்தான் எழுதறேன்மா,” என்றார் காலண்டர், தலையை நிமிர்த்தாமல். “ஆதாரம் இல்லாம ஒரு வரியைக்கூட நான் மாத்தினதில்லை.”

“ஆதாரத்துக்கு நான் எங்க சார் போவேன்? நான் பூட்டலை, நான் பூட்டலைன்னு சொல்லிக்கிட்டே ஜெயில்ல செத்தார். கொத்துல அந்த ஒரு சாவி மட்டும் இல்லை. நீதான் தூக்கி எறிஞ்சிருப்பேன்னுட்டாங்க. ஓநாயும் ஆட்டுக்குட்டியும் கதைதான் சார். மேல நின்னு தண்ணியைக் கலக்கினவன் எவனோ, கீழ நின்ன எங்கப்பா தலை உருண்டுச்சு.”

சுவர்க் கடிகாரத்தில் ஐந்தாக ஆறு நிமிடம் இருந்தது. காலண்டர் முட்டுக்கொடுத்த கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பேனாவை எடுத்தார். மறுநாள் பத்தியில் காவலாளியின் பெயர் இருந்த வரியை அடித்துவிட்டு, மேலே வேறொரு வரியை எழுதி அவளிடம் நீட்டினார்.

அவள் உரக்க வாசித்தாள். “காவலாளி குற்றமற்றவர். ஓசியில் எவரும் நுழையக் கூடாதென்று பக்கவாசலைப் பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு தேநீர் குடிக்கப் போனவர், கொட்டகையில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த ஊழியர்...” அதற்கடுத்து இருந்த பெயரில் அவள் குரல் தடுக்கி நின்றது.

“என்னண்ணே இது? ஆதாரம் இல்லாம மாத்த மாட்டேன்னு இப்பத்தானே சொன்னீங்க?” என்று பதறினார் மெய்ப்புத் திருத்துபவர்.

காலண்டர் உறையைத் தலைகீழாகக் கவிழ்த்தார். மஞ்சளேறிய பேப்பர் நறுக்குகள் சரிந்தன. அவற்றின்மேல் துருப்பிடித்த பெரிய சாவி ஒன்று விழுந்தது. அதில் கட்டியிருந்த தகரத் துண்டில், 'பக்கவாசல்' என்ற எழுத்துகள் பாதி அழிந்திருந்தன.

செவிலி தாளிலிருந்த புதிய பெயரின்மேல் விரலை வைத்தாள்.

“யாரு சார் இந்த ஆளு?”

அவர் நாற்காலியை விட்டு எழுந்து அவள் முன்னே நின்றார்.

“அது என் பேரும்மா.”